காகித விளக்கில் ஒரு பெயர்

கடல் இடுப்பு வரைக்கும் வந்துவிட்டது. உடம்பில் ஜப்பான் உடுப்பான கிமோனோ. அதன் அகலக் கைகள் இரண்டும் தண்ணீர் குடித்து, பக்கத்துக்கு ஒரு வாளி தூக்கினாற் போல என்னைக் கீழே இழுக்கின்றன. என் கையில் ஒரு காகித விளக்கு. உள்ளே மெழுகுதிரி அணைந்து, காகிதம் ஒரு பக்கம் கிழிந்து தொங்குகிறது. கரையில் நாற்பது வெள்ளைக்காரர் நிற்கிறார்கள். அவர்கள் கை தட்டுகிறார்கள்.

சத்தியமாகச் சொல்கிறேன், கை தட்டினார்கள். ஒரு கிழவி கண்ணைத் துடைத்துத் துடைத்துத் தட்டினாள். ஒருவன் போனை உயர்த்திப் பிடித்து வீடியோ எடுத்தான். நிகழ்ச்சியில் இதுவும் ஒரு பங்கு என்று நினைத்துவிட்டார்கள். நான் அங்கே நின்று வாய்விட்டுக் கத்திய ஒப்பாரி அவர்களுக்கு ஜப்பான் பாட்டு.

போன வாரம் இந்தத் தொடரில் ஒரேத்தோத் தெரு வீட்டுக் குளியலறைச் சண்டையை எழுதியிருந்தேன். வாசித்துச் சிரித்து வயிறு நொந்துவிட்டது என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். ஐயா, இந்த வாரம் என்னை மன்னிக்க வேண்டும். எழுதுவதா விடுவதா என்று நாலு நாள் குசினிக்கும் மேசைக்கும் நடந்தேன். இதை விட்டுவிட்டு என் பலேர்மோ வாழ்க்கையை எழுதினால் அது பொய்யாகிவிடும்.

சம்மனசுகளுக்குக் கீழே ஜப்பான்

எங்கள் முதலாளியம்மா சிஞ்ஞோரா லுச்சில்லாவின் புருசன் ஒரு கப்பல் கம்பனியில் வேலை செய்தவர். அவரோடு இவர் பதினெட்டு வருடம் ஜப்பானில் இருந்தார். புருசன் அங்கேயே இறந்துபோக, சிஞ்ஞோரா பெட்டி பெட்டியாகச் சாமான் கட்டிக்கொண்டு இத்தாலிக்கு, பலேர்மோவின் பழைய பகுதியான கால்சாவுக்குத் திரும்பி வந்தார். அங்கே தகப்பன் வழியில் வந்த பழைய பலாஸ்ஸோ மாளிகை ஒன்றில் இரண்டாம் மாடி இவருடையது. வெளியில் சாந்து உதிர்ந்து செங்கல் தெரியும். எதிர்ப் பல்கனியில் எந்த நேரமும் பெற்சீட் காயும். உள்ளே போனால் முகட்டிலே சிறகு முளைத்த குழந்தைகளின் ஓவியம்.

அந்தச் சம்மனசுகளுக்குக் கீழே சிஞ்ஞோரா வைக்கோல் பாய் விரித்தார். காகிதக் கதவுகள் வைத்தார். துறைமுகத்துக்கு உல்லாசக் கப்பல் வரும் நாட்களில் சனம் வரும். சப்பாத்தைக் கழற்ற வேண்டும். கிமோனோ உடுத்த வேண்டும். முழந்தாளில் இருந்து, நுரை அடித்த பச்சைத் தேநீரை இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்க வேண்டும். தூரிகையால் ஓர் எழுத்து எழுத வேண்டும். இரண்டு மணித்தியாலத்தில் ஜப்பானின் பாரம்பரியம் முழுவதையும் அனுபவித்துவிட்டு, போகிற வழியில் அரஞ்சீனி என்கிற பொரித்த சோற்றுருண்டை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு கப்பல் ஏறிவிடுவார்கள்.

அந்த வீட்டில் ஜப்பான்காரர் மட்டும் ஒருவரும் இல்லை. இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தோம்.

ஒன்று பிலோமினா அக்கா. மன்னார் ஆள். இருபது வருடமாகப் பலேர்மோ. சிஞ்ஞோராவின் வீட்டைக் கூட்டித் துடைக்க வந்தவர். ஒரு நாள் கையிலிருந்த தும்புத்தடியை வாங்கி வைத்துவிட்டுக் கிமோனோவைக் கொடுத்தார்களாம். மற்றது நான். போர் முடிந்து மூன்றாம் வருடம் வன்னியிலிருந்து வந்தவள். அக்கா சிஞ்ஞோராவிடம் கெஞ்சி எனக்கு வேலைக் கடிதம் எழுதுவித்து, என்னைக் கூப்பிட்டு, ஒரேத்தோவில் தன் வீட்டிலேயே ஓர் அறையும் தந்திருந்தார். இத்தாலிப் படிவம் எல்லாம் அவர்தான் எனக்கு நிரப்பித் தருவார். கூடப் பிறந்ததுகளும் அவ்வளவு செய்யாது.

என் பெயர் மலர். அதற்கு என்ன அர்த்தம் என்று சிஞ்ஞோரா கேட்டார். பூ என்றேன். "அப்படியென்றால் இங்கே நீ ஹானா," என்றார். ஜப்பானில் பூவுக்கு அதுதான் சொல்லாம். எங்களுக்குக் கட்டளை இவ்வளவுதான்: வாய் திறக்கக்கூடாது, குனிய வேண்டும், சிரிக்க வேண்டும். ஒரு முறை அமெரிக்கன் ஒருவன் அக்காவிடம், நீங்கள் டோக்கியோவில் எந்தப் பக்கம் என்று கேட்டான். அக்கா குனிந்து, "ஓம் ராசா, ஓம்," என்றார். அவன் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனான். நாங்கள் இரண்டு பேரும் குசினிக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

முழந்தாளில் இருக்க எனக்குக் கால் விறைத்துவிடும். அக்காவுக்கு ஒன்றும் செய்யாது. "கோயில்ல இருந்த முழங்கால்தானே, இதென்ன புதுசே?" என்பார்.

செத்தவருக்கு மறுபக்கம்

கிமோனோ உடுத்துவதைச் சிஞ்ஞோரா எனக்கு நேரே நின்று காட்டித் தந்தார். நான் கண்ணாடியில் பார்ப்பது போலப் பார்த்து அப்படியே செய்தேன். வலப் பக்கத்தை இடப் பக்கத்துக்கு மேலே போட்டுவிட்டேன். மனுசி ஓடிவந்து என் நெஞ்சில் கை வைத்துப் பிரித்தார்.

"நோ, ஹானா, நோ! இடப் பக்கம்தான் மேலே வர வேண்டும். நீ போட்ட மாதிரிப் பிணத்துக்குத்தான் போடுவார்கள்."

அதன் பிறகு நான் உடுத்தும்போதும், வந்தவர்களுக்கு உடுத்திவிடும்போதும் இரண்டு தரம் பார்ப்பேன்.

அந்த ஜப்பானில் இப்படிப் பல இருந்தன. சோற்றுக் கிண்ணத்தில் குச்சியைக் குத்தி நிறுத்தக்கூடாது, அது செத்தவருக்குப் படைப்பது. வடக்கே தலை வைத்துப் படுக்கக்கூடாது. இதைக் கேட்டதும் நான், "எங்கட ஆக்களும் அப்பிடித்தான்!" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். உலகத்தின் அந்தக் கரையில் இருக்கிற சனமும் சாவு வீட்டுக்குள் வந்துவிடாமல் இப்படித்தான் கதவு கதவாகப் பூட்டி வைத்திருக்கிறது என்று எனக்கு ஒரு பிடிப்பு வந்தது. அந்தப் பூட்டு எனக்கு எல்லாரையும் விட அதிகம் தேவைப்பட்டது.

பிறகு பொட்டுப் பிரச்சினை வந்தது. கிமோனோவுக்குப் பொட்டுப் பொருந்தவில்லையாம். "அந்தப் புள்ளியை எடுத்துவிடு," என்றார் சிஞ்ஞோரா. நான் மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். எனக்கு அப்போது இத்தாலிப் பாசையில் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான்: "மாரித்தோ. என் புருசன். இருக்கிறார்."

அக்காதான் வழி கண்டுபிடித்தார். கத்தரிக்கோலை எடுத்து என் முன்மயிரை நெற்றியில் விழுகிற மாதிரி வெட்டிவிட்டார். பொட்டு உள்ளே, மயிர் வெளியே. சிஞ்ஞோராவுக்கும் சந்தோசம். முப்பத்திரண்டு வயதில் நேர்சரிப் பிள்ளை மாதிரி ஒரு வெட்டு. இருந்தாலும் என் பொட்டு என் நெற்றியிலேயே இருந்தது.

மேசை

அவரைப் பற்றிச் சொல்லாமல் இனிப் போக ஏலாது.

போரின் கடைசி நாட்கள். பாலத்தைக் கடந்து ஆமியின் பக்கம் வந்த சனத்தோடு சனமாக நாங்கள் மூன்று பேரும் வந்தோம். அவர், நான், அவரைப் பெற்ற மாமி. ஒலிபெருக்கியில் ஆமிக்காரன் ஒருவன் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தான். இயக்கத்தோடு ஒரு நாள் தொடர்பு இருந்தாலும் வந்து பெயர் பதியுங்கள், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று. அவர் இயக்கம் இல்லை. ஆனால் இயக்கக்காரர் ஒரு மாதம் அவரைக் கொண்டுபோய் உழவு மெசின் ஓட வைத்திருந்தார்கள்.

"பேசாமல் சனத்தோட போவம்," என்றார் அவர்.

நான்தான் விடவில்லை. "ஒளிச்சால்தான் வில்லங்கம். உள்ளதைச் சொன்னால் விடுவினம்," என்றேன். பள்ளிக்கூடத்தில் நல்ல பிள்ளை என்று பேர் எடுத்தவள் நான். உண்மை சொன்னால் அடி விழாது என்று நம்பிக்கொண்டிருந்த விசரி.

மரத்துக்குக் கீழே ஒரு மேசை. ஒரு சீருடைக்காரன், ஒரு கொப்பி, ஒரு பேனை. பெயர் என்ன என்று கேட்டான். தண்ணீர் இல்லாமல் கிடந்து அவருக்குக் குரல் அடைத்திருந்தது. வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. அவன் பேனையால் மேசையில் தட்டினான். நான் சொன்னேன்.

எங்கள் வீடுகளில் பெண்சாதி புருசனின் பெயரைச் சொல்வதில்லை. கலியாணம் கட்டி ஆறு வருடம் எனக்கு அவர் "இஞ்சாருங்கோ"தான். அந்த மேசைக்கு முன்னால் நின்றுதான் அவருடைய பெயரை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். அவன் எழுதினான். பஸ்ஸைக் காட்டினான். அவர் ஏறினார். யன்னலுக்குள்ளால் மாமியைக் காட்டி, பார்த்துக்கொள் என்று தலையை ஆட்டினார். பஸ் போய்விட்டது.

அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்டாள் என்று ஊரில் சும்மா பழமொழி சொல்வார்கள். யாராவது அதைச் சொன்னால் இன்றைக்கும் நான் எழும்பிப் போய்விடுவேன்.

பிறகு முகாமில் ஓர் ஆள் வந்து, இவருக்கு மரணச் சான்றிதழ் எடுங்கள், உதவிகள் கிடைக்கும் என்றார். மாமி அதற்கான படிவத்தை வாங்கி, அந்த ஆளின் கண்ணுக்கு முன்னாலேயே அடுப்பில் வைத்தார். பலேர்மோவுக்கு வந்த பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மாமிக்குப் போன் எடுப்பேன். எடுத்தவுடன் கேட்பார்: "ஏதும் அறிஞ்சனியே பிள்ளை?" நான் உடனே சொல்வேன்: "இன்னும் இல்லை மாமி." அந்த இன்னும் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு பேரும் அடுத்த ஞாயிறு வரைக்கும் இருப்போம்.

அவர் இருக்கிறார். எங்கேயோ இருக்கிறார். செத்தவர்களின் கணக்கில் ஒருவரும் அவரைச் சேர்க்காத வரைக்கும் இருக்கிறார். இதை நம்பு என்று நான் உங்களிடம் கேட்கவில்லை. நான் இதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன் என்று மட்டும் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை

ஆகஸ்டில் ஜப்பானில் செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்களாம். சில நாள் இருப்பார்களாம். போகும்போது இருட்டில் வழி தெரிய வேண்டும் என்று காகித விளக்கில் பெயர் எழுதித் தண்ணீரில் விடுவார்களாம். பலேர்மோக்காரருக்கு இது புதினம் இல்லை. இங்கேயும் நவம்பரில் செத்தவர்கள் வந்து பிள்ளைகளுக்கு இனிப்பு வைத்துவிட்டுப் போவார்கள். சிஞ்ஞோரா அந்த வருடம்தான் விளக்கு விடுகிறதை நிகழ்ச்சியில் சேர்த்தார். வேசம் என்று நான் சொல்லமாட்டேன். முதல் விளக்கில் தன் புருசனின் பெயரை எழுதி, மை காயும் வரைக்கும் அதை மடியில் வைத்திருந்தார்.

வந்தவர்கள் கூச்சப்படாமல் இருக்க, நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு விளக்கு முதலில் விட்டுக் காட்ட வேண்டும். மத்தியானம் குசினி மேசையில் நாலையும் வைத்துக்கொண்டு இருந்தோம். அக்கா தன்னுடைய இரண்டிலும் தாய், தகப்பன் பெயரை எழுதினார். இரண்டு பேரும் மன்னாரில் கண் மூட, அக்காவுக்குப் போய்த் திரும்பி வர விசாப் பேப்பர் இருக்கவில்லை. மண் போடவில்லை என்ற நோவு அவருக்கு. தமிழில் வடிவாக, ஆறுதலாக எழுதினார்.

நான் ஒன்றில் என் அப்பாவின் பெயரை எழுதினேன். மற்றதை வெறுமையாக விட்டேன்.

அக்கா அந்த வெறும் விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். நானாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். "உடுப்பு மாத்து பிள்ளை, நேரம் போட்டுது," என்றார். நான் போனேன்.

பொழுது படுகிற நேரம் கால்சாவுக்கு முன்னால் இருக்கிற சின்னப் படகுத் துறைக்குப் போனோம். பகல் முழுக்க அடித்த ஷிரொக்கோக் காற்று நின்று, கடல் எண்ணெய் ஊற்றினாற் போலக் கிடந்தது. அழுகின மீனும் டீசலும் மணத்தது. கல்லுப் படியில் அக்கா குந்தியிருந்து எங்கள் நாலு விளக்கையும் கொளுத்தி ஒவ்வொன்றாக விட்டார். நான் மேலே நின்று, வந்தவர்களின் கையில் விளக்கைக் கொடுத்து, குனிந்து, சிரித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தபோது எங்கள் விளக்குகள் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டன. உள்ளே வெளிச்சம் இருந்ததால் எழுத்து நன்றாகத் தெரிந்தது. பலேர்மோக் கடலில் தமிழ் எழுத்து! எனக்கு முதலில் ஒரு பெருமைதான் வந்தது. அக்காவின் அம்மா. அக்காவின் அப்பா. என் அப்பா.

நாலாவதிலும் எழுத்து இருந்தது. அக்காவின் வடிவான எழுத்து. வாசித்தேன்.

மரச் செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. படியில் இறங்கினது தெரியாது. நேப்பிள்ஸ் கப்பல் ஊதிக்கொண்டு வெளிக்கிட்டது. அதன் அலை வந்து விளக்குகளைத் தூக்கி வெளியே இழுத்தது. "வேண்டாம், வேண்டாம், அவர் இல்லை, அவர் இல்லை!" என்று கத்தினேன். தமிழில் கத்தினேன். அக்கா ஒருவருக்குத்தான் விளங்கியிருக்கும். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. கையை நீட்டினேன். எட்டவில்லை. இன்னும் ஒரு அடி. எட்டிப் பிடித்தேன். பிடித்த பிடியில் விளக்கு கவிழ்ந்து தண்ணீருக்குள் போனது. அப்படியே அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அவர்கள் கை தட்டினார்கள்.

கரைக்கு வந்து படியில் இருந்து காகிதத்தை விரித்துப் பார்த்தேன். சிஞ்ஞோரா வாங்கினது தண்ணீரில் கரைகிற மை. காகிதம் முழுக்கச் சாம்பல் நிறம். ஓர் எழுத்துக்கூட இல்லை. என் வெள்ளைக் கழுத்துப் பட்டியில் மட்டும் கொஞ்சம் கறுப்பு ஒட்டியிருந்தது.

விட்டிருந்தால் அந்தப் பெயர் மிதந்தாவது போயிருக்கும். பிடித்தபடியால்தான் கரைந்தது. முதல் தரமும் நான், இரண்டாம் தரமும் நான்.

அக்கா சொன்னது

ஒரேத்தோவுக்கு நடந்தே போனோம். ஈர உடுப்போடு பஸ்ஸில் ஏற வெட்கமாக இருந்தது. அக்கா பின்னால் வந்தார். வீட்டுக் கதவைச் சாத்தினதும் திரும்பினேன்.

"ஏனக்கா எழுதினீங்கள்?"

"நீ புருசன்ர பேர் சொல்லமாட்டாய் எண்டு எனக்குத் தெரியுந்தானே பிள்ளை," என்றார் அவர். "படிவத்திலயும் உன்ர பத்திரத்தைப் பாத்து அந்தப் பேரை நான்தானே எழுதினனான். அதாலதான் வெறுமனே விட்டிருக்கிறாய், என்னைப் பாத்துக்கொண்டிருக்கிறாய் எண்டு நினைச்சிட்டன். உன்னாலை ஏலாததை நான் செய்து விடுவம் எண்டு…"

பாருங்கள். இந்த உலகத்தில் வேறு யாரும் இந்தப் பிழையை விட்டிருக்க முடியாது. ஒரு ஜெர்மன்காரிக்கு வெறும் விளக்கு வெறும் விளக்குத்தான். எங்கள் வழக்கம் தெரிந்த, என்னில் அன்பு வைத்த ஒரு தமிழச்சிதான் அப்படி நினைக்க முடியும்.

"அவர் செத்தவர் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

அக்கா மெல்லச் சொன்னார்: "மலர், எத்தனை வருசம் போட்டுது. ஆத்துமாவைக் கட்டி வைக்கக்கூடாது பிள்ளை. இளைப்பாற விடு."

என் வாயிலிருந்து வந்ததைத் திருப்பி எடுக்க ஏலாது. முதல் தடவையாக அவரை "நீ" என்றேன்.

"நீ அவரைக் கொன்றுபோட்டாய். ஆமிக்காரனுக்குக்கூட அவரைச் சாக்கொண்டு போட்டன் எண்டு சொல்ல வாய் வரேல்லை. நீ எழுதிக் கடல்ல விட்டிட்டாய்."

அக்கா கிமோனோவின் கையால் வாயைப் பொத்திக்கொண்டு தன் அறைக்குள் போனார். "சேசுவே, சேசுவே," என்று சுவருக்கு அந்தப் பக்கம் நெடுநேரம் கேட்டது. நான் போகவில்லை. அந்தப் புண்ணியவதியின் வீட்டில், அவர் வாங்கின கட்டிலில், ஈரக் கிமோனோவோடு இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமிக்கு எடுத்தேன்.

"ஏதும் அறிஞ்சனியே பிள்ளை?"

அன்றைக்கு நான் உடனே சொல்லவில்லை. ஒரு மூச்சு நேரம்தான்.

"என்னடி, ஏன் உடன சொல்லேல்லை? ஏதும் அறிஞ்சிட்டியே? மறைக்காதை!"

"லைன் பிழை மாமி. இன்னும் இல்லை. இன்னும் இல்லை மாமி."

மாமி, "சரி, லைன் பிழையெண்டால் சரி," என்றார். அவர் நம்பினாரோ தெரியாது.

"பெல்லிஸ்ஸிமோ"

திங்கட்கிழமை வேலை போய்விடும் என்றுதான் போனேன். பட்டுக் கிமோனோ பழுதாகிவிட்டது. கழுவித் தர முடியாது. சிஞ்ஞோரா என்னைக் கண்டதும் எழும்பி வந்து கட்டிப்பிடித்தார்.

"பெல்லிஸ்ஸிமோ, ஹானா. மிக அழகு. எல்லோரும் அழுதார்கள். எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், பார்."

கணினியில் காட்டினார். பலேர்மோவில் கண்ட எல்லாவற்றிலும் இதுதான் மறக்க முடியாதது என்று ஒருத்தி எழுதியிருந்தாள். பிரிய மனமில்லாமல் விளக்கின் பின்னால் கடலில் இறங்கும் ஜப்பானிய விதவையாம் நான்.

"இனி ஒவ்வொரு வெள்ளியும் செய்," என்றார். "பழைய கிமோனோ தருகிறேன். உன் புருசனின் பெயரை எழுது. இறங்கிப் போய் எடு. வேறு ஒன்றும் வேண்டாம்."

"சிஞ்ஞோரா, அவர் சாகவில்லை," என்றேன்.

அவர் கண்ணில் கெட்டது ஒன்றும் இல்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்: "அப்படியென்றால், எங்கே இருக்கிறார்?"

அந்த ஒரு கேள்விக்கு எனக்கு எந்தப் பாசையிலும் பதில் இல்லை. விசாப் பதிகிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவின் படிவத்திலும் அப்படித்தான். கலியாணமானவள் என்று ஒரு கட்டம், விதவை என்று ஒரு கட்டம். எனக்கு நடுவில் ஒரு கட்டம் இல்லை.

அடுத்த மாதம் என் பெர்மெஸ்ஸோ, இங்கே தங்குகிற அனுமதி, முடிய இருந்தது. புதுப்பிக்கச் சிஞ்ஞோராவின் கையெழுத்து வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் திரும்பிப் போக வேண்டும். என்னவரைத் தேடச் சொல்லி நான் இங்கிருந்துதான் வெளிநாட்டு அமைப்புகளுக்கு எல்லாம் கடிதம் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே போனால் அந்தக் கதவும் பூட்டு. அவரை உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு வெள்ளியும் அவர் செத்துவிட்டதாக நடிக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள் இந்தக் கோதாரியை.

ஓம் என்றேன்.

அந்தக் கோடையில் ஏழு வெள்ளிக்கிழமை கடலில் இறங்கினேன். ஏழு தரமும் தமிழில்தான் விளக்கில் எழுதினேன். சிஞ்ஞோராவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் எழுதினது என் பெயர். செத்த ஒருத்தர் கட்டாயம் வேண்டும் என்றால் நான் இருந்துவிட்டுப் போகிறேன். "மலர்" என்று எழுதி, கொளுத்தி விட்டு, அலறிக்கொண்டு இறங்கிப் போய் அள்ளிக்கொண்டு வருவேன். தண்ணீர் ஒவ்வொரு கிழமையும் குளிர்ந்துகொண்டு வந்தது. சனம் ஒவ்வொரு கிழமையும் கை தட்டினது.

அக்கா மேலே நின்று விளக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார். அவருக்கு வாசிக்கத் தெரியும். முதல் வெள்ளி அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் கதைக்கவில்லை. ஒரே குசினியில் இரண்டு உலை வைத்தோம். ஐப்பசி மழைக்கு முன்னமே நான் வேறு அறை பார்த்துக்கொண்டு போனேன். கதவடியில் நின்று, "சாப்பிட்டுப் போ பிள்ளை," என்றார். நான் சாப்பிடாமல் போனேன்.

அக்கா பிறகு வட இத்தாலியில் இருந்த தன் மகளோடு இருக்கப் போய்விட்டார். ஒவ்வொரு நவம்பரும் செத்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பூசைக்குக் கொடுப்பது அவருடைய வழக்கம். அந்தத் தாளில் என்னவருடைய பெயரும் இருக்கிறதா என்று கேட்க எனக்கு இன்றைக்கு வரைக்கும் தைரியம் வரவில்லை. அன்பில் எழுதுகிறவரை யார் தடுப்பது?

அந்தச் சாம்பல் நிறக் காகிதம் என்னிடம் இருக்கிறது. பெர்மெஸ்ஸோ வைத்திருக்கும் உறைக்குள்தான் வைத்திருக்கிறேன்.

இந்தத் தொடருக்குப் படம் கேட்டார்கள். கலியாணப் படம் ஒன்றுதான் என்னிடம் மிஞ்சினது, அதை அனுப்பினேன். போன கிழமை ஆசிரியர் போன் எடுத்தார். "அம்மா, படத்துக்குக் கீழே பெயர் போட வேண்டும். இத்தனை வாரம் எழுதிவிட்டீர்கள், உங்கள் கணவரின் பெயரை ஓர் இடத்திலும் சொல்லவில்லையே?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

ஒரு தரம் நான் சொன்னேன், ஒருவன் எழுதினான், பஸ் கொண்டுபோனது. இன்னொரு தரம் அக்கா எழுதினார், கடல் கொண்டுபோனது.

"என்ர பேரைப் போடுங்கோ தம்பி," என்றேன். "பக்கத்தில நிக்கிறவர் என்ர புருசன் எண்டு மட்டும் போடுங்கோ. அவர் வந்து தன்ர பேரைத் தானே சொல்லுவார்."